வீட்டுக் காகிதங்களை ஏ4-க்குள் அடக்குவது எப்படி?

சொத்து வரி ரசீது ஒரு கவரில், ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு பையில், பத்திர நகல் பீரோவில் என்று சிதறிக் கிடக்கிறதா? என் வழி இதுதான்: எல்லாவற்றையும் ஏ4-க்குக் கொண்டுவருவது. வராததை ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுத்துவிடுவது.

1. அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏ4 என்றால் 210 × 297 மி.மீ. பாதியாக மடித்தால் ஏ5, அதை மடித்தால் ஏ6. எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. 1922-ல் ஜெர்மனி கொண்டுவந்த தரம். இன்றைக்கு ஐஎஸ்ஓ 216 என்ற சர்வதேசத் தரம். இதன் பலன் ஜெராக்ஸ் கடையில் தெரியும். ஏ3-ஐ ஏ4 ஆக்க 71%, ஏ5-ஐ ஏ4 ஆக்க 141% என்று சொன்னால் போதும், ஓரம் வெட்டுப்படாது. இன்னொன்று: ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், அதில் 16 ஏ4 அடங்கும். ஆகவே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். கூரியருக்குப் போகுமுன் எடையை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

2. வாங்குவது

சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் பேப்பர் கடைகள் வரிசையாக இருக்கும். லீவர் ஆர்ச் பாக்ஸ் ஃபைல் (நெம்புகோலால் வளையம் திறக்கும் கெட்டி ஃபைல்), இரண்டு துளை பஞ்சிங் மிஷின், ஷீட் புரொடெக்டர் (தாளைச் செருகும் பிளாஸ்டிக் உறை) ஆகிய மூன்றும் போதும். ஃபைல் மட்டும் எஃப்எஸ் (ஃபுல்ஸ்கேப், ஏ4-ஐ விட நீளமான) சைஸில் வாங்குங்கள். பத்திரத் தாள் ஏ4-ஐ விட நீளம், ஏ4 ஃபைலில் வெளியே துருத்தும். குறிப்பு எழுத கிங் சைஸ் நோட்டு வேண்டாம். அது ஏ4-உம் இல்லை, ஏ5-உம் இல்லை. கயிறு கட்டும் ஃபைல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நடுவிலிருந்து ஒரு தாளை எடுக்க மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும்.

3. துளை போடுவது

எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். ஐஎஸ்ஓ 838 தரப்படி இரு துளைகளுக்கு இடையே 80 மி.மீ., தாளின் ஓரத்திலிருந்து துளையின் மையத்துக்கு 12 மி.மீ. இதை மிஷினே பார்த்துக்கொள்ளும். துளைகள் தாளின் நடுவில் விழுகின்றனவா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மிஷினில் இழுத்து நீட்டும் அளவுக்கம்பி இருக்கும். விலை குறைந்தவற்றில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நம்பாதீர்கள். தாளின் நீளப் பக்கத்தைப் பாதியாக வளைத்து, ஓரத்தில் மட்டும் நகத்தால் அழுத்தினால் சின்னக் குறி விழும். அந்தக் குறியை மிஷினின் நடு அம்புக்கு நேராக வைத்து அமுக்குங்கள். ஏ5 ரசீதுக்கும் இதே முறைதான். ஏ4, ஏ5 இரண்டுக்கும் துளை நடுவில் இருப்பதால் ஒரே ஃபைலில் ஒழுங்காக உட்காரும்.

மூலப் பத்திரம், மார்க்‌ஷீட் எதிலும் துளை போடவே கூடாது. அவை ஷீட் புரொடெக்டருக்குள்தான். பத்திரத்துக்கு மட்டும் எஃப்எஸ் சைஸ் கவர் கேட்டு வாங்குங்கள்.

4. கடை பில்கள்

தெர்மல் பில் (மை இல்லாமல் சூட்டால் அச்சாகும் வழவழப்பான பில்) வெளுத்துவிடும், சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். வாரன்டி பில்களை வாங்கிய வாரமே நாலைந்தாக ஒரு ஏ4-இல் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

பிரின்ட் எடுத்தால் ஓரம் கோணலாக வருகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். வேர்டில் தாள் அளவு லெட்டர் என்று இருக்கும். லெட்டர் 216 × 279 மி.மீ.; ஏ4-ஐ விட அகலம், ஆனால் குட்டை. பேஜ் லே-அவுட்டில் ஏ4 என்று மாற்றுங்கள், பிரின்டர் செட்டிங்கிலும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சரியாகாது.

அப்புறம், லீகல் சைஸ் (ஏ4-ஐ விட நீளமான தாள்) நகலை ஏ4 ஆக்க எத்தனை சதவீதம் என்றும் ஒருவர் கேட்டார். 83%. பக்கவாட்டில் கொஞ்சம் வெள்ளை விழும். அந்த இடத்தில்தான் நான் துளை போடுகிறேன்.