ஆற்றங்கரையில் பசுமை வழித்தடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடையாறோ கூவமோ, கரை நெடுக மரமும் செடியும் அறாமல் தொடரும் பசுமை வழித்தடம் போடப் போகிறோம் என்றதும் முதலில் வரைபடத்தில் ஏறுவது நடைபாதை. அப்புறம் இருக்கை, விளக்கு, புல்தரை. தண்ணீர் எதுவரை ஏறும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாறு தன் பழைய இடம் எது என்று ஊருக்கே காட்டியது. அன்று தண்ணீர் நின்ற இடங்களை ஆற்றின் பங்காக ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை வரைய வேண்டும்.

கரையைச் செங்குத்துச் சுவராக்குவது அடுத்த தவறு. மண் அரிக்காது, சரி. ஆனால் வெள்ளம் வேகமெடுத்துக் கீழே இருப்பவர் வீட்டுக்குள் போகும். ஆமைக்கும் நண்டுக்கும் கரையேற வழி இருக்காது. சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நீளத்துக்கு நேராகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். வேலை 2012இல் முடிந்தது. கரையைப் பிடித்து நிற்பவை கல்லும் செடிகளின் வேரும்தான். வெயில் நாளில் பிள்ளைகள் கால் நனைக்கும் ஓடை, பெருமழையில் கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நீர் ஏறினால் சைரன் ஒலிக்கும், மக்கள் மேட்டுக்குப் போய்விடுவார்கள். நம் மழையும் சாக்கடையும் வேறு, அப்படியே எடுத்துவர முடியாதுதான். ஆனால் பூங்கா நனைந்தால் நஷ்டம் என்று நினைப்பதையாவது நாம் விட வேண்டும்.

மரத்துக்கு வருவோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த மறுநாள், எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த குல்மோகரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தேன். வேர் தட்டுப்போல வட்டமாக இருந்தது. நடைபாதையில் அதற்கு விட்டிருந்த குழி எவ்வளவோ, வேரும் அவ்வளவுதான். சுற்றிலும் சிமெண்ட், அதற்கு வெளியே ஒரு வேர்கூடப் போகவில்லை. சீக்கிரம் வளரும், பூ அழகு என்று மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், அடிமரம்வரை சிமெண்ட் பூசுவதும் சேர்ந்தால் முடிவு இதுதான். ஆற்றங்கரைக்கு நீர்மருது, புங்கை, நாவல். உப்புக்காற்று வரும் முகத்துவாரப் பக்கம் பூவரசு. சரிவில் மண் பிடிக்க வெட்டிவேர். எல்லாம் நமக்குப் பழகியவை. கன்றுக்குக் கன்று ஒரே இனமாக வரிசையில் நடாமல், மரம், புதர், கொடி என்று அடுக்காக விடுங்கள். புதரை வெட்டிச் சுத்தமாக்கினால் கீரிக்கும் குருவிக்கும் ஒளிய இடம் இல்லை.

அசுத்தத்தின் மேல் செடி வைப்பதும் பயன்படாது. அடையாறு முகத்துவாரத்தில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, முன்பு குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த இடம். முதலில் அவற்றை அள்ளிய பிறகுதான் செடி வந்தது.

பாலத்தடியில் வழித்தடம் அறுந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. இனி அப்படி வேண்டாம். கரையில் வலை காயவைப்பவரை வெளியேற்றிவிட்டு வேலி போடாதீர்கள். ஆற்றில் நுரை வந்தால் முதலில் கவனிப்பவர் அவர்தான்.

கடைசியாக, ஒப்பந்தம். நட்ட கணக்குக்குப் பணம் கொடுத்தால் கன்று முதல் கோடையிலேயே காய்ந்துபோகும். மூன்றாவது கோடையில் உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான் முழுப்பணம் என்று எழுதுங்கள்.