பெரிய ஐடி நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரைப் படிப்பது எப்படி?

வளாகத் தேர்வில் வென்று, பெரிய ஐடி சேவை நிறுவனம் ஒன்றின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருப்பவர், அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று சீனியர்களிடம் கேட்பதால் பெரிய பயனில்லை. லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் இடத்தில் நமக்கு வாய்ப்பது நிறுவனமல்ல, ஒரு புராஜெக்ட். சிறுசேரியில் ஒரே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒருவர் வங்கிச் செயலி எழுதிக்கொண்டிருக்க, ஐந்தாம் மாடியில் அவருடைய வகுப்புத் தோழர் இரவு ஷிப்டில் டிக்கெட் எனப்படும் வாடிக்கையாளர் புகார்களைத் தீர்த்து மூடிக்கொண்டிருப்பார்.

முதலில் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலுள்ள சம்பளப் பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் முப்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800, பணிக்கொடைக்கு ஒதுக்கும் ஏறத்தாழ 720, செயல்திறனைப் பொறுத்து மாறும் வேரியபிள் பே ஒரு 2,000 ஆகிய அனைத்தும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 போனால் கைக்கு வருவது 23,700 அளவுதான், அதிலும் தொழில்வரி உண்டு. நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகே கிடைக்கும் என்பதால், இரண்டாண்டில் கிளம்ப எண்ணுபவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்தக் குறைந்த சம்பளத்தை ஈடுகட்டுவது பயிற்சி. இன்ஃபோசிஸின் மைசூர் வளாகத்தைப் போல, சம்பளமும் கொடுத்துத் தங்கவும் வைத்து நிரலாக்கம் கற்றுத்தரும் ஏற்பாடு சிறிய நிறுவனங்களில் அரிது. கணினி படிக்காத மெக்கானிக்கல், சிவில் பட்டதாரிகளுக்கு இது பெரிய கொடை. வங்கிக் கடன் பிரிவிலும், சொல்லப்போனால் பெண் பார்க்கப் போகும் வீட்டிலும், பெரிய பெயருக்கு உள்ள மரியாதையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்ததும் பெஞ்ச், அதாவது புராஜெக்ட் கிடைக்காமல் காத்திருக்கும் காலம், வரும். கிளையண்ட் உங்கள் நேரத்துக்குப் பணம் தருவதுதான் இத்தொழிலின் அடிப்படை என்பதால், பில்லிங் இல்லாத ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கு நீங்கள் செலவுக் கணக்கு. முன்பு மாதக்கணக்கில் பெஞ்சில் அமர்ந்து கேண்டீன் டீ குடித்தவர்கள் உண்டு. 2025இல் டிசிஎஸ் ஆண்டுக்கு 35 வேலை நாட்களுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாதென்று விதி கொண்டுவந்தது, அதே ஆண்டு ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. ஆகவே ஒதுக்கீட்டுக் குழு அழைக்கும்வரை காத்திராமல், உள்ளே காலியிடம் உள்ள டெவலப்மெண்ட் புராஜெக்ட் மேனேஜர்களுக்கு நீங்களே எழுதுங்கள். வேறு வழியின்றி, ஏற்கெனவே உள்ள மென்பொருளைப் பராமரிக்கும் சப்போர்ட் புராஜெக்ட்டில் விழுந்தால், எத்தனை மாதத்தில் விடுவிப்பார்கள் என்பதை முதல் வாரத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை அப்ரைசல் நேரத்தில் நிற்காது.

ஆன்சைட், அதாவது கிளையண்ட்டின் நாட்டுக்கே சென்று வேலை பார்க்கும் ஆசையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். நிறுவனம் தன் ஊழியரையே அமெரிக்காவுக்கு மாற்ற உதவும் எல்-1 விசாவுக்கு, முந்தைய மூன்றாண்டுகளில் ஓராண்டேனும் அதே நிறுவனத்தின் அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள கிளையில் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கோ 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கப்பட்டுவிட்டது.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய கடைசி வரி நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா செய்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம். பல பெரிய நிறுவனங்களில் அது 90 நாள். உங்களை எடுக்க விரும்பும் இடமோ முப்பது நாளில் வரச் சொல்லும். மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலகலாமா, அல்லது அதுவும் மேனேஜரின் ஒப்புதலைப் பொறுத்ததா என்பதையும், பாதியில் விலகினால் கட்ட வேண்டிய பயிற்சி ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எத்தனை மாதம் கழித்து அது ரத்தாகும் என்பதையும், சேரும் முன்பே எச்ஆரிடம் எழுத்தில் பெற்று, ஆஃபர் லெட்டரோடு சேர்த்துச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா செய்யும் நாளில் அலுவலக லாகின் உங்கள் கையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.