தவணை தவறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஜூரோங் கிழக்குக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ரயில் சேவை ஆறு நாள் தடைபட்டபோது, உடனே அறிவிப்பு வந்தது. இணைப்புப் பேருந்துகளும் ஓடின. ஆட்குறைப்பில் வேலை போய் ஒரு வீட்டின் வரவுசெலவு நிலைகுலையும்போது அப்படி யாரும் அறிவிப்பதில்லை. நாமே வாய் திறந்து சொன்னால்தான் உதவி புறப்படும். மானம் போய்விடுமே என்று அஞ்சி, வாழ்க்கைத் துணையிடம்கூட மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்கிச் சமாளிப்பவர்கள் நம்மிடையே பலர். கடனைவிட அந்த மறைப்புதான் குடும்பத்தை அதிகம் சிதைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதியில் தவணை, யார் ஜாமீன். கடன்பற்று அட்டைக்குப் பல வங்கிகள் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி விதிப்பதால், 10,000 வெள்ளி நிலுவைக்கு மாதம் 200 வெள்ளிக்கு மேல் வட்டியாகவே போய்விடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அசல் ஏன் குறைவதில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் விளங்கும். நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, வீட்டுக் கடனையும் தண்ணீர், மின் கட்டணங்களையும் முன்னால் வையுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) வாங்கிய வீட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று தெரிந்தால், நிலுவை சேரும்வரை காத்திராமல் கழகத்திடம் நிலைமையைச் சொல்லுங்கள். அன்றாடச் செலவுக்கே வழியில்லை என்றால் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் எனும் அரசாங்க நிதியுதவி கேட்கலாம். பிள்ளைகளின் படிப்பு தடைபடாமலிருக்க சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை நாடலாம். மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெற்று, தம் விருப்பமின்றி வேலையிழந்த குடிமக்களுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் வேலை தேடும் காலத்தில் ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது.

உரிமமின்றிக் கடன் கொடுக்கும் கடன்முதலைகளிடம் எந்த நிலையிலும் போகாதீர்கள். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். அதுவே கனமான வட்டிதான், ஆனால் அதற்கொரு வரம்பு உண்டு. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ கடன் தருவதாக அழைப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க மாட்டார். உரிமம் பெற்றவர்கள் அவ்வாறு விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது.

பல வங்கிகளின் கடன் ஒன்றாக நெருக்கும்போது, கிரெடிட் கவுன்சிலிங் சிங்கப்பூர் அமைப்பின் ஆலோசகர்கள் உங்கள் வருமானத்துக்கேற்ற திட்டம் வகுத்து வங்கிகளிடம் முன்வைப்பார்கள். 15,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட கடனுக்காக ஒருவரை நொடித்துப்போனவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அந்தக் கட்டத்திலும் ஒரு வழி மிஞ்சுகிறது. பிணையற்ற கடன் மொத்தம் 150,000 வெள்ளிக்கு மேற்படாமல், நிலையான வருமானமும் பிற தகுதிகளும் உள்ளவர், கடன் அடைப்புத் திட்டத்தின்கீழ் அதிகபட்சம் ஐந்தாண்டுகளில் தவணையாகக் கட்டி, நொடிப்புநிலையைத் தவிர்க்கலாம். நொடித்துப்போனாலும் மத்திய சேமநிதிப் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. ஆனால் வெளிநாடு செல்ல அனுமதி பெற வேண்டும்.

இவற்றுக்கிடையே தூக்கம் கெட்டு, வீட்டில் யாரோடும் பேசாமல் ஒதுங்கி, உயிர்மேல் வெறுப்பு வருவதாக ஒருவர் சொன்னால், கணக்கை அப்படியே நிறுத்திவிடுங்கள். அவரைத் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995. வங்கிக்கு மறுநாள் பதில் சொல்லிக்கொள்ளலாம்.