ஆளை நிறுத்தும்போது முதலாளிகள் செய்யக்கூடாத தவறுகள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் கண்காணாத ஊருக்குப் போய்விடுவதில்லை. அடுத்த வாரமே திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் எதிரே வருவார். பாடலீசுவரர் கோயில் தேருக்கு அவர் குடும்பமும் வரும், உங்கள் குடும்பமும் வரும். அவர் அடுத்து வேலை கேட்கப் போகும் கடைக்காரர் வணிகர் சங்கக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரராகவே இருப்பார்.

இந்த இரண்டு ஊர்களிலும் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலைகளும் பார்த்து வருகிறேன். “ஒரு ஆளை நிறுத்த வேண்டும், என்ன செய்யலாம்?” என்று முதலாளிகள் போன் செய்வார்கள். நிறுத்துவது என்று ஏற்கெனவே முடிவெடுத்திருப்பார்கள். பல நேரம் அந்த முடிவில் நியாயமும் இருக்கும். கோளாறெல்லாம் நிறுத்தும் விதத்தில்தான் வருகிறது. வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலாளிக்கு வழி உண்டு. அதோடு சேர்த்து அந்த மனிதரின் பெயரையும், அவருக்குச் சேரவேண்டிய பணத்தையும் எடுத்துக்கொள்ள எந்த வழியும் கிடையாது. நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் கை வைப்பவை.

முதல் தவறு, நிறுத்துவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வேலையில் குறை இருக்கிறது என்பதை முதலாளி மனைவியிடம் சொல்வார், ஆடிட்டரிடம் சொல்வார், சரக்கு இறக்க வரும் லாரிக்காரரிடம்கூடச் சொல்வார். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லமாட்டார். தீபாவளிக்கு முழு போனஸும் ஸ்வீட் பெட்டியும் கொடுத்து, “இப்படியே செய்யுங்கள்” என்று வாழ்த்தி அனுப்புவார். பொங்கல் முடிந்ததும் கூப்பிட்டு, “இனி வர வேண்டாம்.” கேட்பவருக்கு அது தலையில் இடி. இப்படியே செய்யச் சொன்னவர்தானே இவர்?

குறையை அந்தந்த நேரத்தில் நேரில் சொல்லுங்கள், பிறகு எழுத்திலும் கொடுங்கள். “வேலையில் கவனம் இல்லை” என்ற மெமோவால் யாருக்கும் பயன் இல்லை. “மார்ச் மாத ரசீதுகளில் இன்னின்ன எண்களில் ஜி.எஸ்.டி. தொகை தவறாக இருக்கிறது, ஏப்ரல் முழுவதும் ரசீது போட்டதும் மேற்பார்வையாளரிடம் காட்டிச் சரிபார்க்கவும்” என்று எழுதினால் திருந்த நினைப்பவருக்கு வழி தெரியும். திருந்தாவிட்டால் ஏன் நிறுத்துகிறீர்கள் என்பது அவருக்கும் புரியும், பின்னால் விசாரிக்கும் அதிகாரிக்கும் புரியும். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் பழக்கம். “நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை” என்று சொல்லி ராஜினாமா வாங்குவது. சில இடங்களில் வேலைக்குச் சேர்ந்த அன்றே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். நேரம் வரும்போது அதில் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொள்வார்களாம். கடையைப் பெருக்கவும் தண்ணீர் பிடிக்கவும் வந்த பெண் ஒருவரின் பெயரில், ‘எனது சொந்தக் காரணங்களினால்’ என்று தொடங்கும் சுத்தமான அலுவலக நடைக் கடிதத்தைக் கோப்பில் பார்த்திருக்கிறேன். அடியில் இருந்த கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் போட்டது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் அந்தத் தாள் எவ்வளவு நேரம் நிற்கும்? அவர் கேட்கப்போவது, “இதை எழுதியது யார், எப்போது எழுதியது?” என்ற கேள்விகளைத்தான். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய ராஜினாமா, ராஜினாமாவே ஆகாது. இதில் உள்ள பண மோசடியையும் பார்க்க வேண்டும். தானாக விலகியவருக்கு நோட்டீஸ் சம்பளமும் இல்லை, ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. மரியாதை என்ற பெயரில் பறிக்கப்படுவது அந்தப் பணம்தான்.

திருட்டுச் சந்தேகம் வந்துவிட்டால் நிதானம் முற்றிலும் போய்விடுகிறது. கல்லாவில் பணம் குறைகிறது, அன்று கல்லாவில் இருந்தவர் மேல் கண் போகிறது. எல்லோர் முன்னிலையிலும் பையைக் கொட்டச் சொல்கிறார்கள், அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுவாரம் சப்ளையர் பில் ஒன்று கணக்கில் ஏறாமல் இருந்தது தெரியவருகிறது. அதற்குள் தெரு முழுவதும் அவர் திருடர் ஆகியிருப்பார். உண்மையாகவே எடுத்திருந்தாலும் முறை ஒன்று உண்டு: என்ன குற்றம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று எழுதிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம் தர அவகாசம், அந்த விஷயத்தில் சம்பந்தப்படாத ஒருவர் நடத்தும் விசாரணை, சாட்சிகளை அவர் குறுக்கே கேள்வி கேட்கும் வாய்ப்பு, அதன் பிறகே முடிவு. விசாரணை முடியும்வரை அவரை வெளியே வைக்க வேண்டுமானால் இடைநீக்கம் செய்யலாம். அப்போது முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாக, அதாவது வீட்டுச் செலவுக்காக, தரவேண்டும். உங்கள் தரப்பில் இழுத்தால் அந்த விகிதம் ஏறும். “எங்கள் கடையில் ஐந்து பேர்தான், இதெல்லாம் எதற்கு?” என்பார்கள். ஐந்து பேர் கடையிலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் விசாரணை நடத்திவிடலாம்.

சொல்லாமல் நின்றுவிட்டவரின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவதும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையாற்றில் வந்த வெள்ளம் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. போனும் நனைந்து, சைக்கிளும் சேற்றில் புதைந்து, பிள்ளைகளோடு முகாமில் இருந்தவர் எப்படித் தகவல் சொல்வார்? வராதது ஏன் என்று தெரியாத நிலையில் எடுக்கும் முடிவு எப்போதும் அரைகுறைதான். தொடர்ந்து எட்டு நாட்களுக்கு மேல் வராதவரின் வேலை தானாகப் போய்விடும் என்று நிலையாணையிலேயே, அதாவது தன் பணி விதிகளிலேயே, எழுதியிருந்த நிறுவனத்தின் வழக்கில்கூட, விளக்கம் கேட்காமல் பெயரை நீக்கியது செல்லாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டி.கே. யாதவ் வழக்கு என்று தொழிலாளர் சட்டம் தெரிந்த எவரும் சொல்வார்கள். அந்த ஆளுக்கு மீண்டும் வேலையும், வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கிடைத்தன. அவர் கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்ப ஆகும் செலவு எவ்வளவு? யாரையாவது வீட்டுக்கே அனுப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது.

குற்றம் ஏதும் இல்லை, வியாபாரம் படுத்துவிட்டது அல்லது வேலை அவருக்குப் பிடிபடவில்லை என்றால் நிறைய பேர் செலவில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். தண்டனையாக அல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காகத் தொழிலாளியை நிறுத்தினாலும் பெரும்பாலும் அது ஆட்குறைப்பு என்ற கணக்கில் வரும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. புதிய தொகுப்பில், வேலை இழந்தவர் வேறு திறன் கற்றுக்கொள்வதற்கான மறுதிறன் நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம் சேர்ந்திருக்கிறது. ஒரே பிரிவில் பலர் இருந்தால் கடைசியில் சேர்ந்தவரே பொதுவாக முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வாய் அதிகம் பேசுபவரைக் கழிப்பதற்கு ஆட்குறைப்பைச் சாக்காக்குகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாநிலச் சட்டம் தனியாக உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரையே நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது. புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டின் சட்டம் தனி, தொழிலாளர் துறையும் தனி. புதுச்சேரி நேரு வீதியில் தலைமைக் கடையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளையும் வைத்திருப்பவர் இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அடித்துக் கொடுக்கக்கூடாது. ஆள் எங்கே வேலை பார்த்தாரோ அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிரசவ விடுப்பில் உள்ள பெண்ணை, அந்த விடுப்பைக் காரணமாக்கியோ விடுப்புக் காலத்திலோ நிறுத்துவது எந்த ஊரிலும் சட்டவிரோதம்.

இனி, சொல்லும் விதம். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் காலை ஷிஃப்டுக்கு வந்த லேத் தொழிலாளி ஒருவர், வாசலில் இருந்த வருகைப் பதிவுக் கருவியில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. கிரீஸ் என்று நினைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். வேறு விரலை வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் “தள்ளி நில்லுங்கள் அண்ணே” என்றார்கள். முந்தின இரவே அவர் பதிவைக் கருவியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது காவலாளிக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு வேலை போன செய்தியை அந்த மனிதர் ஒரு பெட்டியிடமிருந்து, இருபது பேர் பார்த்திருக்கத் தெரிந்துகொண்டார். அவருடைய சொந்த அளவுக் கருவிகளான வெர்னியரும் மைக்ரோமீட்டரும் உள்ளே இழுப்பறையில் இருந்தன. அவற்றை வாங்கக் கேட்டில் மூன்று நாள் நின்றார்.

முடிவெடுத்தவரே சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளையை அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரம், கதவு மூடிய அறை, இருவருக்கும் நாற்காலி. அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியில் சொல்வது அவரைச் சித்திரவதை செய்வது, உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். “அண்ணே, இந்த மாதத்தோடு உங்களை நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். காரணம் இது. கணக்கு இதில் இருக்கிறது, பாருங்கள்.” அவ்வளவு போதும். “எனக்கே மனது சரியில்லை, மூன்று நாளாகத் தூக்கமில்லை” என்று உங்கள் வருத்தத்தை அவர் மேல் இறக்கிவைத்தால், வேலை இழந்தவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிறது. “பார்க்கலாம், நிலைமை மாறினால் கூப்பிடுகிறேன்” என்று கூப்பிடும் எண்ணமில்லாமல் சொல்வது அதைவிடக் கொடுமை. அதை நம்பி, வந்த வேறு வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் அழலாம், கோபப்படலாம். கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள்.

கணக்கு என்று சொன்னது காசோலையை மட்டும் அல்ல. நீக்கினாலும் விலகினாலும் நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு. “சாவியை, சீருடையை ஒப்படைத்தால்தான் சம்பளம்” என்று மாதக் கணக்கில் இழுப்பதற்கு இடமில்லை. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 30 நாட்களுக்குள் தரவேண்டும். நிறுத்தப்பட்டவருக்கு அது கிடையாது என்பது தவறான எண்ணம். சேதம் விளைவித்திருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கும், வன்முறை போன்ற சட்டம் சொல்லும் சில காரணங்களுக்கும் மட்டுமே பிடிக்க முடியும். போனஸ் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் போனஸும் அப்படியே. அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் பங்கு உண்டு. மோசடி, திருட்டு, வளாகத்தில் வன்முறை போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவர்தான் இழப்பார். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை உடனே பதியுங்கள். அது விடுபட்டால் அவர் பணம் எடுக்கும்போது இழுபறி ஆகும். ஈ.எஸ்.ஐ.யில் ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்கான பயன் காலம் முடியும்வரை மருத்துவ வசதி தொடரும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வேலை போன அன்றே அட்டை செல்லாது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சான்றிதழ் அசலை அடகுப் பொருள்போல் வைத்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

“அந்த ஆளுக்குச் சட்டமெல்லாம் என்ன தெரியும்?” என்று கேட்ட முதலாளிகள் உண்டு. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்த ஊர் புதுச்சேரி. அங்கிருந்த ஏ.எஃப்.டி. துணி ஆலை 2020இல் மூடப்பட்ட பிறகும் கடலூர் சாலையோரத்தில் அந்த ஆலைக் குடும்பங்கள் இருக்கின்றன. தாத்தாவின் வேலை அட்டையைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் அவை. சங்கம் இல்லாவிட்டாலும், நிறுத்தப்பட்டவர் தனி ஆளாகவே சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், தெரியாதவருக்குச் சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

அவர் போன மறுநாள், மீதமிருப்பவர்களைக் கூப்பிட்டு, “இன்னார் இனி இங்கே வேலை பார்க்கவில்லை, அவர் பார்த்த வேலையை இனி இவர் பார்ப்பார்” என்று மட்டும் சொல்லுங்கள். காரணத்தை விளக்கத் தொடங்கினால் அது அன்று மாலைக்குள் டீக்கடையில் வேறு கதையாகிவிடும். யாரிடமும் நீங்களாகப் போன் செய்து, “அந்த ஆளைச் சேர்க்காதீர்கள்” என்று எச்சரிக்காதீர்கள். இந்த ஊரில் அப்படி இரண்டு போன் போனால் ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரியாது. வேலை கேட்டுப் போன இடத்திலிருந்து உங்களைக் கேட்டால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லுங்கள். நன்றாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதையே ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்து, போகும் நாளிலேயே அவர் கையில் கொடுத்துவிட்டால், அவர் அதற்காக மறுபடி உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்காது.