1330இன் காரணிகளை ஒன்றும் விடுபடாமல் எழுதும் முறை

வள்ளுவர் கோட்டத்தில் குறள்கள் பொறிக்கப்பட்ட கற்களைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, 1330ஐ எத்தனை எண்களால் மீதியின்றி வகுக்கலாம் என்று என் மகள் கேட்டாள். மனக்கணக்காகப் பதினான்கு என்றேன். நுங்கம்பாக்கத்திலிருந்து வீடு திரும்பித் தாளில் எழுதியபோதுதான் சரியான விடை பதினாறு என்று தெரிந்தது.

முதல் படி, பகாக் காரணிப்படுத்துதல்: 1330 = 2 × 5 × 7 × 19.

இரண்டாம் படி, காரணிகளை இணைகளாக எழுதுதல். 1 × 1330, 2 × 665, 5 × 266, 7 × 190, 10 × 133, 14 × 95, 19 × 70 என ஏழு இணைகள் வரை நான் சரியாகவே வந்தேன். பகாக் காரணிகளில் பெரியது 19 என்பதால், அதைத் தாண்டினால் புதிய இணை கிடைக்காது என்று எண்ணி அங்கேயே நிறுத்திவிட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தைச் சொல்வது பெரிய பகாக் காரணி அன்று, எண்ணின் வர்க்கமூலமே. 36இன் வர்க்கம் 1296, 37இன் வர்க்கம் 1369. ஆகவே ஒவ்வோர் இணையிலும் சிறிய எண் 36க்குள் இருந்தே தீரும், 36 வரை தேடாமல் நிறுத்தவும் கூடாது. அப்படித் தேடினால் 5ஐயும் 7ஐயும் பெருக்கிவரும் 35 அகப்படும். எட்டாவது இணை 35 × 38.

மூன்றாம் படி, சரிபார்த்தல். நான்கு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், அல்லது விடலாம் என்பதால் 2 × 2 × 2 × 2 = 16 காரணிகள் இருந்தாக வேண்டும். அவற்றின் கூடுதல் (1+2)(1+5)(1+7)(1+19) = 3 × 6 × 8 × 20 = 2880. என் பழைய பட்டியலைக் கூட்டினால் 2807தான் வருகிறது. குறையும் 73 என்பது 35, 38 ஆகியவற்றின் கூடுதலே. 2880இலிருந்து 1330ஐக் கழித்தால் 1550; இது 1330ஐவிடப் பெரியதாகையால் 1330 ஒரு மிகை எண்.

லினக்ஸ் கணினியில் ‘ஃபேக்டர் 1330’ என்ற கட்டளை பகாக் காரணிகளை நொடியில் தந்துவிடும். ஆயினும், கற்கத் தொடங்குபவர்களுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டையே நான் பரிந்துரைப்பேன். இணைகளை எதிரெதிராக எழுதினால் விடுபட்ட இடம் கண்ணில் படும்.

இந்த எண்ணில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. 11இன் கனம் 1331. அதில் ஒன்று குறைந்தால் 1330. கனங்களின் வித்தியாசத்துக்கான சூத்திரப்படி 11³ − 1³ = (11 − 1)(121 + 11 + 1) = 10 × 133. அதிகாரத்துக்குப் பத்துக் குறளாக 133 அதிகாரங்கள் என்னும் அமைப்பு அப்படியே வந்து நிற்கிறது! இது எண்ணின் இயல்பு மட்டுமே; நூல் இவ்வாறு திட்டமிட்டு வகுக்கப்பட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மேலும், 19 × 20 × 21 ÷ 6 = 1330 என்பதால் இது நான்முக எண்ணும் ஆகும்; முக்கோண அடித்தளத்தின் மேல் 19 அடுக்குகளாக ஆரஞ்சுப் பழங்களைக் குவித்தால் சரியாக 1330 பழங்கள் தேவைப்படும்.

பின்சேர்க்கை: மூன்றாம் படியை 12க்குப் பயன்படுத்திய வாசகர் ஒருவர், காரணிகள் எட்டு என்றும் கூடுதல் 36 என்றும் விடை வருவதாக எழுதியிருந்தார். 12 = 2 × 2 × 3 என்பதில் 2 இருமுறை வருகிறது; அப்போது (1+2) என்பதை இருமுறை எழுதாமல், (1+2+4) என்று ஒரே அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அதன்படி காரணிகள் 3 × 2 = 6, கூடுதல் 7 × 4 = 28. 1330இல் எந்தப் பகா எண்ணும் மீண்டும் வராததால் இந்த வேறுபாட்டை நான் முன்பு குறிப்பிடாமல் விட்டிருந்தேன்.