தெக்கப்போ ஏரிக்கரையில் தெற்கைக் கண்டறிவது எப்படி?

நியூசிலாந்தின் தெக்கப்போ ஏரி, 2012இல் பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் உள்ளது. நிலவில்லாத இரவில் அங்கே சென்று, கைப்பேசியை அணைத்துவிட்டு, கண்கள் இருளுக்குப் பழக அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.

பிறகு, நம் மரபு திரிசங்கு என்று அழைக்கும் தென்சிலுவை என்னும் சிலுவை வடிவ விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்னும் இரு ஒளிமிக்க விண்மீன்கள் அருகில் நின்று அதைச் சுட்டுகின்றனவா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். ஏனெனில், சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும் பொய்ச்சிலுவை பலரையும் ஏமாற்றிவிடும்.

சிலுவையின் நீண்ட தண்டை, செந்நிற விண்மீனிலிருந்து எதிர்முனையிலுள்ள வெண்ணீல விண்மீன் வழியாக, அதன் நீளத்தைப்போல் நாலரை மடங்கு மனத்தால் நீட்டுங்கள். கோடு முடியும் இடமே தென் வான்துருவம், அதாவது தென்வானம் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும் மையப்புள்ளி. வடக்கின் துருவ நட்சத்திரம்போல் அங்கே எடுப்பான விண்மீன் எதுவும் இல்லாததால்தான் இத்தனை பாடு. அங்கிருந்து செங்குத்தாகத் தொடுவானத்துக்கு இறங்கினால், அதுவே தெற்கு.