தீப்பந்து மாதிரி எரிகல் பார்த்தா பண்ணக்கூடாத தப்புகள்

ராத்திரி வானத்துல வெள்ளி கிரகத்தை விட பளிச்சுனு ஒரு எரிகல் போச்சுன்னா அதைத்தான் ஃபயர்பால்னு சொல்றாங்க, பெரும்பாலும் சில செகண்ட்தான் இருக்கும், அதுக்குள்ள பாக்கெட்ல ஃபோனைத் தேடினா வீடியோவும் கிடைக்காது பார்த்ததும் போச்சு. தயவுசெஞ்சு கண்ணால பாருங்க, எங்க ஆரம்பிச்சுது, எங்க அணைஞ்சுது, எந்த மரம் எந்த டவர் பக்கத்துலன்னு மனசுல வச்சுக்கங்க.

பெரிய தப்பு, "அந்த தோப்புக்குப் பின்னாடிதான் விழுந்துச்சு"ன்னு உடனே பைக்கை எடுக்கிறது. பக்கத்துல விழுந்த மாதிரிதான் தெரியும், ஆனா 30 கிலோமீட்டர் உயரத்துல அணைஞ்ச எரிகல் உங்க கண்ணுக்கு அடிவானத்துல இருந்து 10 டிகிரி மேல தெரிஞ்சா அது கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கு! அதுக்கு அப்புறமும் கல்லு வெளிச்சமே இல்லாம இருட்டுல கீழ இறங்கும், எரிஞ்சுக்கிட்டே தரையில விழாது. அதனால நின்ன இடத்தை விட்டுப் போகாதீங்க, லொக்கேஷனை சேவ் பண்ணுங்க. கையை நீட்டி முஷ்டியை மடக்கினா சுமார் 10 டிகிரி, அதை வச்சு உயரத்தை அளந்து எழுதி வைங்க. ரெண்டு மூணு ஊர்ல இருந்து இப்படி அளவு கிடைச்சாதான் பாதையைக் கணக்குப் போட முடியும், இன்டர்நேஷனல் மீட்டியர் ஆர்கனைசேஷன் வெப்சைட்ல இதுக்கு ஃபார்மே இருக்கு.

ரொம்பப் பெரிசா இருந்தா ஜன்னல் கிட்ட போகவே கூடாது. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் ஊர்ல காலைல வெளிச்சத்தைப் பார்த்துட்டு ஜனங்க ஜன்னல் பக்கம் போய் நின்னாங்க, சத்தம் வெளிச்சத்தை விட மெதுவா வரும்ல, ரெண்டு நிமிஷம் போல கழிச்சு அதிர்ச்சி அலை வந்து கண்ணாடி எல்லாம் நொறுங்கி கிட்டத்தட்ட 1500 பேருக்குக் காயம்.

மெதுவா, ஒரு நிமிஷத்துக்கு மேல, துண்டு துண்டா வரிசையா போனா அது ராக்கெட் குப்பையா இருக்கலாம். 2022 ஏப்ரல் 2 மகாராஷ்டிராவுல பார்த்தது அப்படித்தான், எரிகல்லுன்னே நிறைய பேர் ஷேர் பண்ணாங்க, சந்திரபூர் பக்கம் வயல்ல விழுந்து கிடந்தது ஒரு பெரிய உலோக வளையம்.

சிசிடிவி ஃபுட்டேஜ் கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும், மறுநாளே காப்பி எடுத்துடுங்க, கேமரா கடிகாரம் எவ்வளவு தப்பா ஓடுதுன்னும் குறிச்சுக்கங்க.

கல்லு கிடைச்சுச்சுன்னா காந்தம் வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, உள்ள இருக்கிற பழைய காந்தப் பதிவு அழிஞ்சிடும். கழுவவும் வேணாம். கிடந்த இடத்துலயே போட்டோ எடுத்து, சுத்தமான அலுமினிய ஃபாயில்ல சுத்தி, இந்திய புவியியல் ஆய்வு மையத்துக்கு தகவல் சொல்லுங்க.